கையிருப்பு

அந்த அக்கா வீட்டில் எதுவும் தீராது. தீர விட மாட்டார். சோப்பு தேய்ந்து வெற்றிலை மாதிரி ஆன பிறகும் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைத்துத்தான் குளிப்பார். குழம்பு கொதித்து இறங்கினால் முதலில் ஒரு கரண்டி தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும். மல்லிகை பறித்து வடமதுரைக்கு அனுப்புகிற அன்றெல்லாம் ஒரு கை பூ ஈரத்துணியில் சுற்றி மூலையில் இருக்கும். யாருக்கு என்று கேட்டால் யாருக்கும் இல்லை. யாராவது கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லக் கூடாதாம். தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிற அந்த வீட்டுக்கு வரப்பு ஏறி யார் பூக் கேட்டு வரப்போகிறார்கள்? சாயங்காலம் பாதி வாடிய பிறகு அதை அவரே தலையில் வைத்துக்கொள்வார்.

"கையில இருக்கட்டும் பாய். இல்லாதப்ப எங்கிட்டுப் போயி நிக்கிறது?" என்பார்.

போன் விஷயத்திலும் இதே கதைதான். இந்தக் காலத்தில் ஒரு தடவை கார்டு போட்டால் மாதம் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு ரிங் அடிப்பார், கட் பண்ணிவிடுவார். நான்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். என் வீட்டம்மா சிரிப்பாள். "ஏங்க, உங்க அக்கா மணி அடிச்சிட்டாங்க, போயி என்னான்னு கேளுங்க."

நான் திண்டுக்கல் பேகம்பூர் ஆள். இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் மாட்டுவது பிழைப்பு. வேலை முடிந்தால் அந்த வீடு எனக்கு மறந்துவிடும். ஆள் முகமும் மறந்துவிடும். எந்தச் சுவரில் எந்தப் பெட்டியை மாட்டினேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். தொழில் பண்ணுகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். இந்த அக்காவை மட்டும் மறக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. லேசாகிற அளவுக்கு மனசில் கனமும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துப்போய்க் கிடக்கிறது.

வடமதுரையிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில், கத்தரியும் மல்லிகையும் போட்ட தோட்டத்துக்குள் தளம் போட்ட சின்ன வீடு. கரண்டு கிடையாது. கம்பம் நட வேண்டுமென்றால் பங்காளி நிலத்தைத் தாண்டி வர வேண்டும். பங்காளி விடவில்லை. அப்பன் காலத்தில் ஆரம்பித்த வரப்புத் தகராறு கோர்ட்டில் படுத்துக் கிடக்கிறது. கரண்டு இல்லாமலே அவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள், அக்காவின் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போகிற வரைக்கும்.

அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒரு நூல் மில்லில் பஞ்சு பிரிக்கிற பக்கம் வெகுகாலம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி போய்ப் போய் நெஞ்சுக்குள் படிந்துவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக விடுகிற மிஷின். ராத்திரி முழுக்க ஓட வேண்டும், பகலிலும் பாதி நேரம் ஓட வேண்டும். அவசரத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும்தான் தாங்கும். ஆகவே கரண்டு போனால் அண்ணன் மூச்சு போய்விடும். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்காகத்தான் மாடியில் பேனலும், உள்ளே இன்வெர்ட்டரும், லித்தியம் பேட்டரியும் மாட்டப் போனேன். பேட்டரியை இறக்கி வைத்ததும் அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மூடி எங்க பாய் இருக்கு? தண்ணி எதுல ஊத்துறது?"

"இதுக்குத் தண்ணி கிடையாதுக்கா. தண்ணி ஊத்துறது பழைய டியூபுலர் பேட்டரி. இது லித்தியம். ஒண்ணும் ஊத்த வேண்டியதில்ல."

அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த பெரிய சிலிண்டரின் குழாயோடு கட்டிலில் படுத்திருந்த அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "திங்காது, குடிக்காது. ஒன்னய மாதிரியே ஒண்ணத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்துட்டாருடி."

அக்கா சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்வெர்ட்டரின் அடிப்பக்கம் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் டியூபுலர், மறுபக்கம் தள்ளினால் லித்தியம். என்ன பேட்டரி கட்டியிருக்கிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்கிற இடம் அது. லித்தியம் பக்கம் தள்ளிவிட்டு, பேட்டரியிலிருந்து வருகிற சின்ன ஒயரையும் சொருகினேன். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று பேட்டரி அந்த ஒயர் வழியாகச் சொல்லும். இன்வெர்ட்டர் அதைத் திரையில் எண்ணாகக் காட்டும். முழுக்க நிறைந்தால் நூறு.

அன்றைக்கு அக்கா அடுப்புப் பக்கம்கூடப் போகவில்லை. எண் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே நின்றார். மத்தியானத்துக்கு மேல் நூறு வந்தது. களத்தில் தன் வீட்டு நெல் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு தெளிச்சி வருமே, அது வந்தது அவருக்கு.

"வீடு பூராத்துக்கும் வரும்க்கா. மிஷினு, பேனு, லைட்டு, டிவி எல்லாம் ஓட்டலாம். பயப்படாம போடுங்க" என்றேன்.

"சரி பாய்" என்றார். சரி என்றாரே தவிர, எதையும் போடவில்லை. மிஷின் மட்டும் ஓடியது. பொழுது இருக்கும்போதே சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார். இருட்டிய பிறகு இன்வெர்ட்டர் திரையில் தெரிகிற பச்சை வெளிச்சம்தான் அந்த வீட்டுக்கு விளக்கு. திரையில் நூறு வந்த பிறகு போனை மட்டும் சார்ஜில் சொருகுவார், அந்தச் சலுகை அதற்கு மட்டும்.

"நூறு ஆயிருச்சுன்னா அதுக்கு மேல அடிக்கிற வெயிலெல்லாம் சும்மாதான்க்கா போகுது. அப்பயாச்சும் பேனப் போடலாம்ல?"

"திடீர்னு மேகம் வந்துட்டா?"

வானத்தில் பருத்தி அளவுக்குக்கூட மேகம் இல்லாத சித்திரை மாதம் அது.

அந்தச் சித்திரையில்தான் ஒருநாள் பேனலைத் துடைக்கிற விதத்தைக் காட்டப் போயிருந்தேன். அக்கா பூக்காட்டில் இருந்தார். வீட்டுக்குள் புழுக்கம் ஆளைத் தூக்கியது. அண்ணன் வெறும் உடம்போடு கிடந்தார், தலையணை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாய், அந்த பேனச் செத்த நேரம் போட்டு விடுங்களேன். அவ வர்றதுக்குள்ள."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் இருந்த வியர்வை காயக் காய அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குள் வாசலில் கூடையோடு அக்கா நின்றார். பேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்கு நமக்கு நல்ல பாட்டு இருக்கிறது என்று நினைத்தேன். அவரோ சுவிட்சை அமர்த்திவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒரு அட்டையை எடுத்து அண்ணனுக்கு விசிற ஆரம்பித்தார்.

"அக்கா, பேனு என்னத்தக்கா தின்னுரப் போகுது? மிஷின் சாப்பிடுறதுல பத்துல ஒரு பங்கு வராது."

"இருக்கட்டும் பாய். என் கையி சும்மாதான இருக்கு."

அவர் கை எப்போது சும்மா இருந்தது? விடிவதற்கு முன்னாலேயே பூப் பறிக்கப் போன கை. நான் மாடியில் ஏறி, வேலையை முடித்து, இறங்கி, கிளம்புகிற வரைக்கும் விசிறிக்கொண்டிருந்தார். வலது கை அசந்தால் இடது கை. எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ரெண்டும் ஒன்றாக வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிற ஆள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கஞ்சத்தனம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அப்படி இல்லை. எனக்கென்று கொய்யாப்பழம் எடுத்து வைத்திருப்பார். மரத்தில் பழுத்ததிலேயே நல்லதாகப் பார்த்து, நான் அடுத்து எப்போது வருவேன் என்று தெரியாமலே எடுத்து வைத்திருப்பார். நான் போகிற நேரம் அது பொதபொதவென்று ஆகி வாசம் தூக்கும். அதையும் என் வீட்டம்மா வாங்கி முகர்ந்து பார்த்து, "ஒங்க அக்கா மனசு மாதிரியே இருக்குங்க, ரொம்பக் கனிஞ்சு போச்சு" என்பாள். நோன்பு நாளில் போனால் தண்ணீர்கூட நீட்ட மாட்டார். பழத்தைத் துணியில் முடிந்து கொடுத்து, "நோன்பு தொறந்துட்டுச் சாப்பிடுங்க" என்பார். அடுத்தவர் பசியை அவர் முன்கூட்டியே யோசிப்பார். இப்போதைய பசிதான் அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை போய், ஐப்பசி அடைமழை பிடித்திருந்த சமயம். ஒரு ரிங் வந்து நின்றது. கூப்பிட்டேன். அக்கா குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கேட்டதே இல்லை.

"பாய், ஒரு நல்ல சேதி. பேட்டரி நம்ம வீட்டுக்குப் பழகிருச்சு."

"என்னக்கா பழகிருச்சு?"

"முன்னயெல்லாம் விடியிறப்ப அறுபதுக்கு எறங்கி நிக்கும்ல? இப்ப ராத்திரி பூரா மிஷின் ஓடுனாலும் நூறுன்னே நிக்குது பாய். இம்புட்டு நாளா வெயிலே இல்ல, அப்பயும் அசைய மாட்டேங்குது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சு மாலை போட்டம்ல, அன்னையில இருந்து இப்படித்தான்."

வெயில் இல்லை. ராத்திரி முழுக்க மிஷின் ஓடுகிறது. எண் இறங்கவில்லை என்றால் எண் பொய் சொல்கிறது.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. சிலிண்டர வெளிய எடுத்துக் கைக்கு எட்டுறாப்ல வைங்க. மிஷினத் தவிர வேற ஒண்ணையும் போடாதீங்க. நான் இந்தா வாரேன்."

"வேற என்னைக்குப் போட்டேன்?" என்றார் அக்கா.

மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். இன்வெர்ட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. காய்ந்த மாலை ஒன்று தொங்கியது. திரையில் நூறு. குனிந்து அடிப்பக்கம் டார்ச் அடித்தேன். சுவிட்ச் டியூபுலர் பக்கம் நின்றது. அது நகர்கிற சின்னப் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அரிவாள், வண்டி என்று எல்லாரும்தான் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள். அக்கா மிஷினையும் இன்வெர்ட்டரையும் துடைத்திருக்கிறார். மேலாக ஒரு துடை துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இவர் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரி முதுகு, அடிவயிறு என்று ஓர் இடம் விடாமல் ஈரத்துணி போட்டுத் தேய்த்திருக்கிறார். வீட்டுக்காரரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிற பெட்டி அல்லவா! துணி பட்டு சுவிட்ச் நகர்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து இன்வெர்ட்டர், கட்டியிருப்பது தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்று நினைத்துக்கொண்டது. லித்தியம் சொல்வதை அது கேட்கவில்லை. வோல்டேஜைப் பார்த்து அதுவாக ஓர் எண் போட்டது. பழைய பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜும் குறையும், அதைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடலாம். லித்தியம் அப்படி இல்லை. கிட்டத்தட்டக் காலியாகிற வரைக்கும் வோல்டேஜை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கடைசியில் ஒரேயடியாக விழுந்துவிடும். திரையில் நூறு நூறு என்றே காட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நொடியில் மிஷின் நின்றுபோகும்.

சுவிட்சை லித்தியம் பக்கம் தள்ளினேன். திரை அணைந்து, யோசித்து, திரும்ப வந்தது. இருபத்திரண்டு.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மிஷின் புஸ் புஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது. நான் என்ன நடந்தது என்று சொன்னேன். அக்கா சுவிட்சையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேனும் டிவியும் ஓடியிருந்தா?"

"நேத்தே நின்னுருக்கும்க்கா."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதுநாள்வரை நான் அண்ணன் கட்சி, பேன் கட்சி. இனிமேல் பேனைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாயில்லாமல் போய்விட்டது.

வடமதுரையில் ஒரு ஜெனரேட்டரைப் பிடித்துக் கொண்டுவந்து பேட்டரியை நிறைத்துக் கொடுத்தேன். சுவிட்ச் இனி நகராதபடி அதன்மேல் டேப் ஒட்டினேன். கிளம்பும்போது அக்கா, "அந்த பேனு ஒயரக் கழட்டி விட்டுருங்க பாய்" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"கழட்டுங்க" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். எத்தனையோ வீட்டில் பேன் மாட்டியிருக்கிறேன். ஓடுகிற பேனை ஓடக்கூடாது என்பதற்காகக் கழற்றியது அங்கேதான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தால் இறங்கவில்லை. என் வீட்டம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

பொங்கல் கழித்து ஒருமுறை போனபோது அண்ணன் தனியாக இருந்தார். வற்றிப்போய், கழுத்து நரம்பெல்லாம் எண்ணிக்கொள்கிற மாதிரி தெரிந்தது.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"மூச்சு இருக்கு பாய்" என்றார். கொஞ்சம் இழுத்துக்கொண்டு, "மூச்சு மட்டுந்தான் இருக்கு" என்றார்.

நான் பேட்டரி முனைகளை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கல்யாணமான புதுசுலயே இப்படித்தான் பாய் அவ. விருந்துக்குப் போன எடத்துல, எலையில வச்ச லட்ட எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டா. ஏன்டின்னு கேட்டா, வழியில ஒங்களுக்குப் பசிச்சான்னு சொல்றா. எனக்குப் பசிக்கல. அது முந்தியிலயே தூளாப் போச்சு." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அடங்கிய பிறகு சொன்னார்: "பூராவும் எனக்காகத்தான் பண்றா. அதான் ஒண்ணும் சொல்ல முடியல. கோவத்துல பண்றவளா இருந்தா சண்டையாச்சும் போட்டுக்கிடலாம்."

அக்கா வந்துவிட்டார். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா வந்ததும் வராததுமாக அட்டையை எடுத்தார். தை மாதம், விசிறத் தேவையே இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் விசிறினார்.

பங்குனி உச்சி வெயிலில் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு மாடியில் நான் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா நம்பர். கட் ஆகட்டும், கூப்பிடலாம் என்று வழக்கம்போல நின்றேன். கட் ஆகவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"பாய்."

"சொல்லுங்கக்கா."

"மிஷின் ஓடுது பாய்."

"ஓடுதா, சரி. என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல. ஓடுது. கொழாயில கைய வச்சுப் பாத்தேன், காத்து வருது. அவருதான் இழுக்க மாட்டேங்குறாரு."

நூற்றெட்டுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஆள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அப்புறம் போனில் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட் பண்ண வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். திண்டுக்கல் பைபாஸ் வரைக்கும் சட்டைப் பைக்குள் அந்தச் சத்தம் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து, பார்த்து, கையை விரித்துவிட்டுப் போயிருந்தது. வாசலில் நாலைந்து பேர். ஒருத்தர் என்னைத் தனியாக இழுத்து, "மிஷின் நின்னுருச்சா பாய்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நானே ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். சுவிட்ச் லித்தியம் பக்கம்தான் இருந்தது. டேப் உரியவில்லை. ஒயரெல்லாம் இறுக்கமாக இருந்தன. மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நூறு. இந்தத் தடவை நிஜமான நூறு. நுரையீரல்தான் இதற்குமேல் முடியாது என்று விட்டுவிட்டது.

"அமத்திரவாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நானே அமர்த்தினேன். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீட்டில் இத்தனை பேர் இருப்பதே தெரிந்தது.

எங்கள் ஆட்கள் வீட்டுச் சாவில், மௌத்தில், நான் வாய்விட்டு அழுதிருக்கிறேன், தூரத்துச் சொந்தத்துக்குக்கூட. அங்கே எனக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. பெண்கள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர்கள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, எல்லாருக்கும் டீ போட்டீர்களா என்று கேட்டார். கருமாதி வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்லு மாதிரி இருந்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் போனேன். அந்த ஆக்சிஜன் மிஷின் தேவைப்படுகிற ஆள் ஒருத்தர் இருந்தார், கொடுப்பாரா என்று கேட்கலாம் என்றுதான் போனேன். வரப்பில் வரும்போதே ஏதோ சத்தம் கேட்டது. நல்ல வெயில். வீட்டுக்குள் எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. கவர்மெண்ட்டில் இலவசமாகக் கொடுத்த கிரைண்டர் எங்கிருந்தோ வெளியே வந்திருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகக் கிழிக்கவில்லை. அரிசி இல்லாமல், வெறும் தண்ணீரை அரைத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மிஷின் ஓடியது. குழாய் வெறும் கட்டிலில் கிடந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா இன்வெர்ட்டருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை வா என்று சொல்லவில்லை.

"எல்லாத்தையும் போட்டுட்டேன் பாய். காலையில இருந்து ஓடுது. எறங்க மாட்டேங்குது."

திரையில் நூறு.

"வெயிலு அடிக்குதுல்லக்கா. நீங்க எடுக்க எடுக்க மேல இருந்து வந்து ரொப்பிக்கிட்டே இருக்கும்."

"அவரு போறப்பயும் நூறு இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்க்கா."

"அம்புட்டையும் வச்சுக்கிட்டுத்தான் வேர்க்க வேர்க்கக் கெடந்தாரு."

ஐப்பசியில் இருபத்திரண்டுக்கு வந்ததைச் சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் மிச்சம் வைத்ததால்தான் அவர் பங்குனி வரைக்கும் இருந்தார் என்று சொல்லலாம். உண்மைதானே. வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

"மேல இருந்து வர்றத நிறுத்துங்க பாய்" என்றார்.

எதற்கு என்று கேட்கவில்லை. பேனலிலிருந்து வருகிற ஒயருக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் உண்டு, அதைக் கீழே தள்ளினேன். பிறகு நானும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கிரைண்டர் சுற்றியது. மிஷின் புஸ் புஸ் என்றது. ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிஷினைக் கேட்கத்தான் வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

திரையில் தொண்ணூற்றொன்பது வந்தது.

"எறங்குது பாய்" என்றார் அக்கா. அப்புறம்தான் அழுதார்.